குறுந்தொலைவு வானொலி அலைகள்: கம்பியின்றிக் கருவிகள் உரையாடும் விதம்

தோட்டப்புறங்களில் கைப்பேசி இல்லாத இல்லம் இன்று அரிதாகிவிட்டது. அதனைத் தொடர்ந்து வேறு சில சிறு கருவிகளும் நம் வீடுகளுக்குள் வந்து சேர்ந்துள்ளன. காதில் செருகிக்கொள்ளும் இயர்போன், பிறந்தநாள் விழாவிலே பாட்டிசைக்கும் சிறிய ஒலிபெருக்கி, நடையின் அளவைக் கணக்கிடும் கைக்கடிகாரம், இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி ஆகியவை அவற்றுட் சில. இவற்றுக்கும் கைப்பேசிக்கும் இடையே கம்பி எதுவும் இல்லை. ஆயினும் கைப்பேசியில் இருக்கும் பாட்டு இயர்போனில் ஒலிக்கின்றது. கருவி அளந்த இரத்த அழுத்தம் கைப்பேசியின் திரையில் தோன்றுகின்றது. இவ்வுரையாடலை நடத்தி வைப்பது 'புளூடூத்' எனப்படும் குறுந்தொலைவுக் கம்பியில்லாத் தொடர்பு முறையாகும்.

இம்முறையைக் குறித்து மக்களிடையே இருவகையான போக்குகளைக் காண்கிறோம். "இந்த அலை மூளையைக் கெடுத்துவிடும்" என அஞ்சி ஒதுங்குவோர் ஒரு சாரார். திரையில் எந்தக் கேள்வி தோன்றினாலும் படித்துப் பாராமல் "சரி" என்று அழுத்திவிடுவோர் மற்றொரு சாரார். அறியாமையே இவ்விரண்டிற்கும் காரணம். இக்கருவிகள் செயற்படும் விதத்தை ஓரளவு அறிந்துகொண்டால் வீண் அச்சம் நீங்கும். வேண்டிய கவனமும் பிறக்கும். ஆகவே, இம்மாத அறிவியல் பாடத்தில் இதனைப் படிப்படியாக ஆராய்வோம்.

வானொலி அலை என்பது யாது?

அமைதியான குளத்தில் ஒரு கல்லை எறிந்தால், விழுந்த இடத்திலிருந்து வட்ட வட்டமாக அலைகள் பரவுகின்றன. அதைப் போன்றே, ஒரு கம்பியில் மின்சாரத்தை மிக விரைவாக முன்னும் பின்னும் அசையச் செய்தால், அதைச் சூழ்ந்த வெளியில் மின்காந்த அலைகள் பரவும். இவ்வலைகளுக்குக் காற்றோ நீரோ துணையாக வேண்டுவதில்லை. இவை ஒளியின் வேகத்தில், அதாவது ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 300,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன.

இத்தகைய அலைகள் இருத்தல் வேண்டும் என்று கணக்கின் வாயிலாக முதலில் கூறியவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர். அக்கூற்று உண்மையே என 1880களின் பிற்பகுதியில் சோதனைச் சாலையில் நிலைநாட்டியவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானியர். 1895ஆம் ஆண்டில் ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் பலர் முன்னிலையில் ஒரு சோதனையை நடத்திக் காட்டினார். கம்பியின் தொடர்பு சிறிதும் இல்லாமல், சுவரையும் கடந்து சென்ற அலையைக் கொண்டு அவர் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார்.

அலை ஒரு வினாடியில் எத்தனை முறை அதிர்கின்றது என்பதை 'அதிர்வெண்' என்பர். கோலாலம்பூர் வட்டாரத்தில் மின்னல் பண்பலையை 96.3 என்னும் எண்ணில் கேட்கிறோம். அவ்வலை ஒரு வினாடியில் 9 கோடியே 63 லட்சம் முறை அதிர்கின்றது என்பதே அந்த எண்ணின் பொருள். அதன் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். புளூடூத் அலையோ வினாடிக்கு ஏறக்குறைய 240 கோடி முறை அதிர்கின்றது. அதன் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர்தான், அரைச் சாணை விடச் சற்றே அதிகம். அலைநீளம் குறுகக் குறுக, அதனை அனுப்பவும் வாங்கவும் வேண்டிய 'ஏரியலின்' நீளமும் குறுகும். சுண்டுவிரல் நுனியளவு இயர்போனுக்குள் ஏரியலை அடக்க முடிவதற்கு இதுவே காரணம்.

பிறந்த வரலாறு

போஸின் சோதனைக்குப் பின்னர், கம்பியில்லாச் செய்தியை எவ்வளவு தொலைவுக்கு அனுப்பலாம் என்பதிலேயே உலகின் நாட்டம் சென்றது. 1901இல் மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து செய்தி அனுப்பியதாக அறிவித்தார். பின்னர் வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது, செயற்கைக்கோள்களும் வந்தன. தொலைவே வெற்றியின் அளவுகோலாக விளங்கியது.

1990களில் பொறியியலாளர் சிலர் இதற்கு நேர்மாறான கேள்வியை எழுப்பினர். ஒரே மேசையின் மீதிருக்கும் இரு கருவிகளை இணைக்க எதற்கு இத்தனை கம்பிகள்? அக்காலத்தில் கணினியோடு அச்சுப்பொறிக்கு ஒரு கம்பி, தொலைபேசிக்கு ஒரு கம்பி எனக் கம்பிகள் பின்னிக் கிடந்தன. ஒரு நிறுவனத்தின் கம்பி மற்றொரு நிறுவனத்தின் கருவியில் பொருந்துவதில்லை. சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் இயங்கிய எரிக்சன் நிறுவனத்தில் யாப் ஹார்ட்சன் என்ற டச்சுக்காரரும் ஸ்வென் மத்திசன் என்ற சுவீடன் நாட்டவரும் 1990களின் நடுப்பகுதியில் இதற்கு விடை காண முயன்றனர். மிகக் குறைந்த மின்சாரத்தில், மிகக் குறைந்த செலவில், சில மீட்டர் தொலைவுக்கு மட்டுமே செல்லும் வானொலி இணைப்பை உருவாக்குவதே அவர்களின் நோக்கம்.

ஒரு நிறுவனத்தின் கண்டுபிடிப்பாக மட்டும் இருந்திருந்தால் அது பரவியிருக்காது. 1998ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் எரிக்சன், நோக்கியா, ஐபிஎம், இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் ஒன்றுகூடி ஒரு பொதுக் குழுவை அறிவித்தன. வியாபாரத்தில் போட்டியிட்ட நிறுவனங்களும், கருவிகள் பேசும் மொழி ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் உடன்பட்டன. 1999இல் முதல் விதிமுறை வெளியாயிற்று. ஒரு நாட்டில் செய்த இயர்போன் வேறொரு நாட்டில் செய்த கைப்பேசியோடு பேசுவதற்கு இந்த உடன்பாடே அடிப்படை.

'நீலப் பல்' என்று பொருள்படும் பெயர் எங்கிருந்து வந்தது? பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்னும் மன்னருக்கு 'நீலப் பல்லர்' என்ற பட்டப்பெயர் உண்டு. பிரிந்து கிடந்த பகுதிகளை ஒரே ஆட்சியின் கீழ்க் கொண்டுவந்தவர் எனப் புகழப்பட்டவர் அவர். 1997இல் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜிம் கார்டாக் என்பவர், கருவிகளை ஒன்றிணைக்கும் முயற்சிக்கு அப்பெயரைத் தற்காலிகமாகச் சூட்டினார். வேறு பெயர் பொருந்தி வராமையால் தற்காலிகப் பெயரே நிலைத்துவிட்டது. கைப்பேசியில் நாம் காணும் நீலநிறச் சின்னமும் அம்மன்னருடைய பெயரின் இரு முதலெழுத்துகளைப் பழைய வடபுல எழுத்தில் பிணைத்து எழுதியதேயாகும்.

குறுந்தொலைவே இதன் வலிமை

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியைக் கட்டினால் தோட்டம் முழுவதும் கேட்கின்றது. அதே நேரத்தில் பக்கத்திலேயே மற்றோர் ஒலிபெருக்கியைக் கட்டினால் இரண்டும் குழம்பும். ஆனால் லயத்தில் அடுத்தடுத்த பத்து வீடுகளிலும் குடும்பத்தார் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தால் ஒருவர் பேச்சு மற்றவருக்கு இடையூறாவதில்லை. பண்பலை வானொலி அந்த ஒலிபெருக்கியைப் போன்றது; புளூடூத் வீட்டுக்குள் பேசும் தாழ்ந்த குரலைப் போன்றது.

இதனாலன்றோ ஒரு வட்டாரத்தில் ஓர் அலைவரிசையை ஒரு வானொலி நிலையத்திற்கு மட்டுமே ஒதுக்க வேண்டியுள்ளது! புளூடூத் கருவிகளோ ஒவ்வொரு வீட்டிலும் ஒரே அலைவரிசைப் பகுதியைப் பயன்படுத்துகின்றன. 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அப்பகுதி உலகின் பெரும்பாலான நாடுகளில் இத்தகைய சிறு கருவிகளுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது. நம் நாட்டில் அலைவரிசைகளை மேற்பார்வையிடும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமும் இதனை அனுமதித்துள்ளது. எனவே, இயர்போன் வாங்கும் நாம் அதற்கெனத் தனி உரிமம் பெற வேண்டியதில்லை. கருவியை விற்போர்தாம் அதனைச் சோதனைக்கு உட்படுத்திச் சான்று பெறுதல் வேண்டும். இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கருவியை வாங்குமுன் அதன் பெட்டியில் ஆணையத்தின் முத்திரை உள்ளதா எனப் பார்ப்பது நலம்.

அலையை அனுப்பும் ஆற்றலைப் பொறுத்து இக்கருவிகள் மூவகைப்படும். 100 மில்லிவாட் வரை அனுப்பும் முதல்வகை, தடையற்ற வெளியில் ஏறக்குறைய 100 மீட்டர் வரை எட்டும். 2.5 மில்லிவாட் அளவிலான இரண்டாம்வகை ஏறக்குறைய 10 மீட்டர் எட்டும். 1 மில்லிவாட் அளவிலான மூன்றாம்வகை ஏறக்குறைய ஒரு மீட்டரே செல்லும். கையிலும் காதிலும் அணியும் கருவிகள் பலவும் சிறிய ஆற்றலிலேயே இயங்குகின்றன. சுவரும் மனித உடலும் இவ்வலையை ஓரளவு தடுக்கும். கைப்பேசியைக் காற்சட்டையின் பின்பையில் வைத்தால் சில வேளைகளில் பாட்டு விட்டுவிட்டு ஒலிப்பதற்கு நம் உடலே தடையாக நிற்பதுதான் காரணம்.

எழுபத்தொன்பது நிரைகள்

அத்தனை கருவிகளும் ஒரே பகுதியைப் பகிர்ந்துகொண்டால் அவை ஒன்றோடொன்று மோதாவோ? இக்கேள்விக்குப் பொறியியலாளர் கண்ட விடை நயமானது. மேற்சொன்ன அலைவரிசைப் பகுதியை அவர்கள் 79 தடங்களாகப் பிரித்தனர். வெட்டுக்காட்டில் 79 நிரைகள் உள்ளன எனக் கொள்வோம். இருவர் ஒரே நிரையில் நின்று பேசிக்கொண்டே இருந்தால், அங்கு வேறொருவர் இரைச்சலிட்டதும் பேச்சுக் கெடும். அவ்விருவரும் ஒவ்வொரு சொல்லையும் வெவ்வேறு நிரையில் நின்று பேசினால், ஒரு நிரையில் இரைச்சல் இருந்தாலும் ஒரு சொல் மட்டுமே கெடும். அதனை அடுத்த நிரையில் மீண்டும் சொல்லிக்கொள்ளலாம்.

வழக்கமான புளூடூத் கருவிகள் இவ்வாறு ஒரு வினாடியில் 1,600 முறை தடம் மாறித் தாவுகின்றன. அடுத்து எந்தத் தடம் என்பதை இணைந்த கருவிகள் முன்கூட்டியே அறிந்திருப்பதால் அவை ஒன்றையொன்று தவறவிடுவதில்லை. வீட்டிலுள்ள வைஃபை இணையமும் இதே பகுதியில் இயங்குவதுண்டு. ஆகவே, 2003இல் வந்த திருத்தத்திற்குப் பின்னர், நெரிசலான தடங்களை அறிந்து அவற்றை விலக்கித் தாவும் திறனும் இக்கருவிகளுக்கு அமைந்தது.

தடம் தாவும் எண்ணத்திற்குச் சுவையான வரலாறு ஒன்றும் உண்டு. ஆலிவுட் திரைப்பட நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும் 1942ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றனர். நீருக்கடியில் செல்லும் வெடிகுண்டை வானொலியால் இயக்கும்போது, பகைவர் அதைக் கெடுக்காதிருக்க 88 அலைவரிசைகளில் மாறி மாறித் தாவ வேண்டும் என்பது அவர்களின் திட்டம். 88 என்பது பியானோக் கட்டைகளின் எண்ணிக்கை. இத்தகைய எண்ணம் அதற்கு முன்னரும் சிலரிடம் தோன்றியிருந்தது. அப்போரில் அமெரிக்கக் கடற்படை அத்திட்டத்தைப் பயன்படுத்தவில்லை. எனினும் போருக்கென நினைத்த ஒரு வழி இன்று பாட்டுக் கேட்கவும் துணைபுரிவது வியப்புக்குரியது.

பிரட்டுக் களம் போன்ற ஒழுங்கு

விடியற்காலைப் பிரட்டில் ஒருவர் பெயர்களை அழைக்க, அழைக்கப்பட்டவர் மட்டும் விடை தருகிறார். அனைவரும் ஒரே நேரத்தில் பேசினால் பதிவு நடைபெறாது. புளூடூத் இணைப்பிலும் இதே ஒழுங்கு உண்டு. ஒரு கருவி தலைமை ஏற்கின்றது. பெரும்பாலும் அது கைப்பேசியே. வழக்கமான முறையில் ஒரு தலைமைக் கருவியின் கீழ் ஒரே நேரத்தில் ஏழு துணைக் கருவிகள் வரை செயற்படலாம். தலைமைக் கருவி ஒவ்வொன்றையும் முறைவைத்து அழைக்கும். அழைக்கப்பட்டது தனக்குரிய நேரத்துளியில் விடையளிக்கும். ஒரு நேரத்துளி என்பது ஒரு வினாடியை 1,600 கூறுகளாக்கினால் வரும் ஒரு கூறு. பாட்டு நமக்குத் தடையின்றி ஒலிப்பதாகத் தோன்றினும், அது சிறு சிறு துண்டுகளாகவே வந்து சேர்ந்து, காதுக்கு அருகே மீண்டும் கோக்கப்படுகின்றது.

2010ஆம் ஆண்டில் 'குறைமின்' முறை ஒன்றும் சேர்க்கப்பட்டது. இதில் கருவி பெரும்பாலான நேரம் உறங்கிக் கிடக்கும். குறிப்பிட்ட இடைவெளியில் விழித்து, "நான் இங்கே உள்ளேன்" என்று அறிவிப்பதற்கென ஒதுக்கிய மூன்று தடங்களில் சுருக்கமாகக் குரல் கொடுத்துவிட்டு மீண்டும் உறங்கிவிடும். காசு போன்ற சிறிய மின்கலம் ஒன்றைக் கொண்டே சில கருவிகள் ஓராண்டுக்கு மேல் இயங்குவது இவ்வாறுதான்.

இணைசேர்த்தல்: இசைவு தரும் தருணம்

அலைக்குக் கண் இல்லை. அது நம் கைப்பேசியை எட்டுவது போன்றே பக்கத்து வீட்டுக் கைப்பேசியையும் எட்டக்கூடும். அவ்வாறாயின், நம் இயர்போன் நம் கைப்பேசியின் சொல்லை மட்டும் கேட்பது எவ்வாறு? 'இணைசேர்த்தல்' என்னும் சடங்கே அதற்கு வழிசெய்கின்றது. இப்பாடத்தின் உயிர்நாடி இப்பகுதியே. ஆதலின் இதனைக் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும்.

முதலில் புதிய கருவி தன் பெயரை அறிவிக்கும். கைப்பேசி அதனைக் கண்டு, திரையில் பெயரைக் காட்டி, இணைக்கலாமா என நம்மைக் கேட்கும். இரு கருவிகளிலும் திரை இருந்தால், பெரும்பாலும் இரண்டிலும் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றும். இரண்டும் ஒன்றே எனக் கண்டபின் நாம் இசைவு தருகிறோம். 2007இல் வந்த திருத்தம் இவ்வழியை ஏற்படுத்தியது. அதற்கு முன்னர் பல கருவிகளுக்கு "0000" என்னும் எளிய எண்ணே பூட்டாக இருந்தது.

இசைவு கிடைத்ததும் இரு கருவிகளும் ஒரு கணக்கைச் செய்து, தங்களுக்குள் ஓர் இரகசியத் திறவுகோலை உருவாக்கிக்கொள்கின்றன. அத்திறவுகோல் காற்றில் அனுப்பப்படுவதில்லை. இரு பக்கமும் தனித்தனியே ஒரே விடையை அடைகின்றன. அதன்பின் அனுப்பும் செய்தி அத்திறவுகோலால் பூட்டியே அனுப்பப்படும். மற்றவர் அலையைப் பிடித்தாலும் பொருளை அறிதல் அரிது. மறுநாள் இயர்போனை எடுத்ததும் அது கேள்வியின்றி இணைவது, திறவுகோலை இரண்டும் நினைவில் வைத்திருப்பதனால்தான்.

ஆகவே, எந்தக் கருவிக்கு நம் வீட்டுக் கதவைத் திறப்பது என்பதை அலை தீர்மானிப்பதில்லை. அந்த ஒரு கணத்தில் நம் விரல்தான் தீர்மானிக்கின்றது. பேருந்து நிலையத்திலோ சந்தையிலோ, நாம் தேடாதபோது அறியாத கருவி ஒன்று இணையக் கேட்டால் மறுத்துவிடுதலே முறை. மறுப்பதனால் நமக்கு எந்த இழப்பும் நேர்வதில்லை.

அன்றாட வாழ்வில் பயன்கள்

காது மந்தமான பெரியவர்களுக்கு இம்முறை பெருந்துணையாகும். செவித்துணைக் கருவிகள் பல இன்று கைப்பேசியின் குரலை நேரே காதுக்குள் கொண்டுவருகின்றன. 2022இல் நிறைவு பெற்ற புதிய ஒலி விதிமுறை, ஒரே ஒலியை ஒரு மண்டபத்தில் உள்ள பல கருவிகளுக்கும் ஒருசேர அனுப்ப வழி செய்துள்ளது. அத்தகைய வசதியுள்ள மண்டபத்தில், ஏற்ற செவிக்கருவி அணிந்தவர் மேடைப் பேச்சைத் தெளிவாகக் கேட்கலாம்.

இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றை அளக்கும் கருவிகள் அன்றாட அளவுகளைக் கைப்பேசியில் சேமிக்கின்றன. மருத்துவரிடம் செல்கையில், "எப்படி இருந்தது?" என்னும் கேள்விக்கு நினைவைக் கிளறாமல் ஒரு மாதக் கணக்கைக் காட்டலாம்.

குறுந்தொலைவுக் குடும்பத்தில் இன்னும் நெருங்கிய ஓர் உறவும் உண்டு. சாலைக் கட்டணத்துக்கு நாம் பயன்படுத்தும் 'டச் அண்ட் கோ' அட்டையை அறியாதார் யார்? அட்டையைக் கருவியின் அருகே சில சென்டிமீட்டர் தொலைவில் காட்டினாலே போதும். அட்டைக்குள் மின்கலம் இல்லை. கட்டணக் கருவியின் காந்தப்புலத்திலிருந்தே அது தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறுகின்றது. பணம் சம்பந்தப்பட்ட செயலாதலின், அதன் எல்லை ஒரு கைப்பிடி அளவுக்குள் சுருக்கப்பட்டுள்ளது. செயலுக்கு ஏற்ப எல்லையை வகுத்தல் என்னும் நெறியை இங்கும் காண்கிறோம்.

நெருக்கம் தரும் பொறுப்பு

அருகில் இருப்பது எது என்பதை அறியும் ஆற்றல் நன்மைக்கும் பயன்படும், தீமைக்கும் பயன்படும். கோவிட் பெருந்தொற்றின்போது, 2020 மார்ச் மாதத்தில் சிங்கப்பூர் 'டிரேஸ்டுகெதர்' என்னும் செயலியை வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் நம் நாட்டில் 'மைட்ரேஸ்' அறிமுகமாயிற்று. இரு கைப்பேசிகள் நெருங்கி இருந்தால் புளூடூத் வழியாக ஒன்றையொன்று குறித்து வைக்கும். ஒருவருக்கு நோய் கண்டால் அவருடன் நெருங்கி இருந்தோரை அறிந்து எச்சரிக்கலாம். உயிர் காக்கும் நோக்கமே இதற்கு அடிப்படை.

ஆயினும் 2021 ஜனவரியில், குற்றவியல் விசாரணைக்காகவும் காவல்துறை அத்தகவலைப் பெற இயலும் எனச் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டபோது, மக்களிடையே மனக்கசப்பு எழுந்தது. நோய்த் தடுப்புக்கு மட்டுமே பயன்படும் என்று நம்பி அவர்கள் இசைவு அளித்திருந்தனர். அடுத்த மாதமே ஒரு சட்டத்தின் வாயிலாக, கடுங்குற்றங்களின் ஏழு வகைகளுக்கு மட்டும் அப்பயன்பாடு வரையறுக்கப்பட்டது. 2023இல் அத்திட்டமும் நிறுத்தப்பட்டது. இதிலிருந்து பெறும் படிப்பினை யாது? இசைவு கேட்கும்போது, எதற்காகக் கேட்கப்படுகின்றது என்பதை அறிந்து தருதல் வேண்டும். பெற்றவரும் அந்த எல்லையைக் காத்தல் வேண்டும்.

மற்றோர் எடுத்துக்காட்டு, தொலைந்த பொருளைத் தேடித் தரும் வில்லை. ஐம்பது காசு நாணயத்தை விடச் சற்றே பெரிதான இதனைச் சாவிக்கொத்திலோ மோட்டார் சைக்கிளிலோ வைத்தால், அருகே செல்லும் பிறருடைய கைப்பேசிகள் அதன் குரலைக் கேட்டு, அது இருக்கும் இடத்தை உரியவருக்குத் தெரிவிக்கும். களவு போன வண்டியைத் தேட இது உதவலாம். ஆனால் தீய எண்ணமுடையோர் இதனை ஒரு பெண்ணின் கைப்பையில் மறைத்து வைத்து, அவள் செல்லுமிடமெல்லாம் பின்தொடர்ந்த நிகழ்ச்சிகள் பல நாடுகளில் நடந்துள்ளன. இதனைத் தடுக்க 2024 மே மாதத்தில் ஆப்பிள், கூகள் நிறுவனங்கள் ஒரு பொது ஏற்பாட்டைச் செய்தன. அறியாத வில்லை ஒன்று உடன் வந்துகொண்டிருந்தால் ஆண்ட்ராய்டு, ஐபோன் ஆகிய இருவகைக் கைப்பேசிகளும் எச்சரிக்கும். அத்தகைய எச்சரிக்கை தோன்றினால் அதனைப் புறக்கணித்தல் ஆகாது. நம் பெண்மக்களுக்கு இதனைச் சொல்லி வைத்தல் இன்றியமையாதது.

2017 செப்டம்பரில் 'புளூபோர்ன்' எனப் பெயரிடப்பட்ட குறைபாடுகள் வெளியாயின. புளூடூத் திறந்திருந்தால், இணைசேர்க்காமலே பிறர் உள்ளே புகக்கூடிய ஓட்டைகள் அவை. நிறுவனங்கள் திருத்தங்களை வெளியிட்டு அவற்றை அடைத்தன. திருத்தத்தை ஏற்றிக்கொண்ட கைப்பேசி தப்பியது. ஏற்காதது ஓட்டையோடே இருந்தது. கைப்பேசி "புதுப்பிக்கவும்" என்று கேட்கையில் நாட்கணக்கில் தள்ளிப்போடலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அச்சம் எதற்கு, கவனம் எதற்கு?

இந்த அலை உடலுக்குத் தீங்கு செய்யுமா என்பது பலரும் கேட்கும் கேள்வி. சமையலுக்கான நுண்ணலை அடுப்பும் ஏறக்குறைய இதே அதிர்வெண்ணில் இயங்குவது உண்மையே. ஆனால் 800 வாட் அடுப்பின் ஆற்றல், 2.5 மில்லிவாட் கருவியின் ஆற்றலைப் போல மூன்று லட்சம் மடங்குக்கும் மேலாகும். அடுப்பு அந்த ஆற்றலை மூடிய பெட்டிக்குள் தேக்குகின்றது. இயர்போனோ அதன் சிறு துளியைத் திறந்த வெளியில் விடுகின்றது. மேலும், இவ்வலைகள் எக்ஸ் கதிர்களைப் போல அணுக்களிலிருந்து மின்னணுக்களைப் பிரித்தெடுக்கும் வலிமை உடையவை அல்ல. 2011இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, வானொலி அலைகளைப் பொதுவாக, புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பு இருக்கலாம் என ஐயுறும் பட்டியலில் சேர்த்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளுக்கிணங்கப் பல ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்து 2024இல் வெளியான அறிக்கை, கைப்பேசிப் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

உண்மையான தீங்கு அலையில் இல்லை, ஒலியில் உள்ளது. 80 டெசிபல் அளவுள்ள ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்டல் பெரியவர்களுக்கும் தகாது என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. ஒலி கூடினால் நேரத்தைக் குறைத்தல் வேண்டும். இழந்த செவித்திறன் பெரும்பாலும் மீள்வதில்லை. இரு காதுகளிலும் இயர்போனைச் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும், இருட்டு விலகாத வேளையில் அவ்வாறே வெட்டுக்காட்டுக்குள் நடப்பதும் அறவே தவிர்க்கத்தக்கவை. பின்னால் வரும் லாரியின் ஒலியும் சருகில் ஊரும் பாம்பின் அரவமும் நம்மைக் காக்கும் ஒலிகள் அல்லவா? இதயத் துடிப்புக் கருவி பொருத்தப்பட்டவர்கள் கைப்பேசியையும் காந்தமுள்ள இயர்போன் பெட்டியையும் மார்புப் பையில் வைக்காமல், குறைந்தது 15 சென்டிமீட்டர் விலக்கி வைத்தல் வேண்டும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. நாம் தேடாத கருவி இணையக் கேட்டால் மறுத்துவிடுவோம். இரு திரைகளிலும் எண் தோன்றினால் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே இசைவு தருவோம்.

2. தேவையற்ற வேளையில் புளூடூத்தை மூடி வைப்போம். கைப்பேசியின் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்போம்.

3. கைப்பேசியையோ இயர்போனையோ விற்கும்போதும் பிறருக்குக் கொடுக்கும்போதும் பழைய இணைப்புகளை அழித்துவிடுவோம். பிறருடைய காரில் கைப்பேசியை இணைத்திருந்தால், இறங்கும் முன் அதனையும் நீக்குவோம்; நம் தொலைபேசி எண்களின் பட்டியல் அங்கே தங்கிவிடக்கூடும்.

4. செயலி ஒன்று புளூடூத்துக்கு இசைவு கேட்டால், அதன் பணிக்கு அது தேவையா என எண்ணிப் பார்ப்போம். கைவிளக்குச் செயலிக்குப் பக்கத்துக் கருவிகளைத் தேடும் வேலை இல்லை.

5. அறியாத வில்லை உடன் வருவதாக எச்சரிக்கை வந்தால் அதைத் தேடி எடுப்போம். தனித்துச் செல்லாமல் நம்பிக்கையானவரிடம் தெரிவித்து, காவல் நிலையத்தின் உதவியை நாடுவோம்.

இவ்வறிவு வீட்டில் ஒருவரோடு நின்றுவிடலாகாது. பிள்ளைகள் கருவியை விரைவில் இயக்கக் கற்றுக்கொள்கின்றனர். ஆயினும் எதற்கு இசைவு தரலாம், எதற்குத் தரலாகாது என்னும் தெளிவு பெரியவர்களின் வழிகாட்டலில்தான் வளரும். ஆகவே, இன்று மாலையே வீட்டார் ஒன்றாக அமர்ந்து, கைப்பேசியில் இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியலைத் திறந்து பார்ப்போம். அடையாளம் தெரியாத பெயர் அதில் இருப்பின் அதனை நீக்கிவிடுவோம்.